சுருதி நிற்காத அப்ரைட் பியானோ: எந்தச் செலவை முதலில் செய்வது?

சென்னை போன்ற கடலோர ஊரில் அப்ரைட் பியானோ (கம்பிகள் செங்குத்தாக நிற்கும் வகை) வைத்திருப்பவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: டியூனர் வந்துபோய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் நடு ஸ்தாயி பிசிறடிக்கிறது. அதற்குக் கிடைக்கும் யோசனைகள்தான் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. இன்னும் அடிக்கடி டியூன் செய்யச் சொல்பவர் ஒருவர். ஏசி அறைக்கு மாற்றச் சொல்பவர் ஒருவர். உள்ளே ஹீட்டர் ராடு போடச் சொல்பவர் ஒருவர். கம்பிகளை இறுக்கிப் பிடிக்கும் பின்கள் தளர்ந்துவிட்டன, பசை விட வேண்டும் என்பவர் ஒருவர். கம்பிகளை முழுவதும் மாற்ற வேண்டும் என்பவரும், விற்றுவிட்டு டிஜிட்டல் வாங்கச் சொல்பவரும் உண்டு. இவற்றில் எதுவும் தவறான யோசனை அன்று. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பியானோவுக்குச் சரியான மருந்து. நம் வீட்டில் இருப்பது அந்தப் பியானோதானா என்பதை யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் சிக்கல். சுருதி எப்படி விலகுகிறது என்பதைக் குறித்துவைத்துப் பார்த்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும் என்பதும், பெரும்பாலான வீடுகளில் ஈரப்பதத்துக்கான செலவு முதலிலும் பின்களுக்கான செலவு அதற்குப் பின்னரும் வர வேண்டும் என்பதும் என் கருத்து. இந்த வரிசையை மாற்றினால் ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் கொடுக்க நேரும். ஏன் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

முதலில் கருவியின் கட்டமைப்பைச் சற்றுப் பார்க்க வேண்டும். 88 கட்டைகளுக்கு ஏறத்தாழ 220 முதல் 230 கம்பிகள் வரை இருக்கும். ஒவ்வொன்றும் சராசரியாக 70, 80 கிலோ விசையுடன் இழுபட்டு நிற்கிறது. எல்லாம் சேர்ந்தால் 18 டன் அளவுக்கு வரும். இந்தச் சுமையில் பெரும்பகுதியை வார்ப்பிரும்புச் சட்டம் தாங்குகிறது. ஆனால் சுருதியைத் தீர்மானிக்கும் இரண்டு முக்கியமான இடங்களில் மரம்தான் இருக்கிறது. கம்பியின் மேல்முனை சுற்றப்பட்டிருக்கும் பின், சுமார் 7 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட எஃகுத் தண்டு. மேப்பிள் அல்லது பீச் மரத் தகடுகளை அடுக்கி ஒட்டிச் செய்த ‘பின் பிளாக்’ என்ற கட்டையில் அது உராய்வை மட்டுமே நம்பி நிற்கிறது. திருகுமரை எதுவும் உதவிக்கு இல்லை. கம்பியின் மறுபக்கம் பிரிட்ஜ் என்ற மரக்கட்டையின் மேல் அழுந்திச் செல்கிறது. பிரிட்ஜ் ஒட்டியிருப்பது ஸ்புரூஸ் மரத்தாலான, மெல்லிய, சற்றே முன்புறம் வளைந்த சவுண்ட் போர்டில். எனவே சுருதி விலக மூன்று வழிகள் உண்டு: சவுண்ட் போர்டு ஊதலாம் அல்லது சுருங்கலாம், பின் பிடிப்பை இழக்கலாம், அல்லது இரண்டும் நன்றாக இருந்தும் டியூனிங்கின்போது கம்பி சரியாக நிலைப்படுத்தப்படாமல் விடப்பட்டிருக்கலாம். சட்டமோ பின்புறத் தூண்களோ விட்டுப்போவது நான்காவது, அது அரிது.

இந்த மூன்றும் மூன்று விதமான தடயங்களை விட்டுச்செல்கின்றன. அவற்றைப் படிக்கத் தொழில்நுட்பர் ஆக வேண்டியதில்லை. கைபேசியில் ஒரு டியூனர் செயலி, ஒரு ரப்பர் ஆப்பு அல்லது மடித்த ஃபெல்ட் துண்டு, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் ஈரப்பதமானி, ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியவை போதும். டியூனர் வந்துபோன மறுநாளே, பியானோவில் உள்ள எட்டு ‘ஏ’ சுரங்களும் எத்தனை சென்ட் விலகி நிற்கின்றன என்று எழுதிவைக்க வேண்டும். ஓர் அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட். நடு ‘ஏ’ 440 ஹெர்ட்ஸில் இருந்து 435க்கு இறங்கினால் அது ஏறத்தாழ 20 சென்ட். ஒரு சுரத்துக்கு மூன்று கம்பிகள் இருக்கும் பகுதியில் மேல்மூடியைத் திறந்து, முன்பலகையை எடுத்துவிட்டு, இரண்டு கம்பிகளை ஃபெல்ட்டால் அடக்கி மூன்றாவதை மட்டும் ஒலிக்கச் செய்து அளந்தால், மூன்றும் தனித்தனியே என்ன செய்கின்றன என்பது தெரியும். வாரம் ஒரு முறை, ஒரே நேரத்தில், மின்விசிறி அணைந்திருக்கும்போது இதைச் செய்ய வேண்டும். சுழலும் இறக்கைகள் ஒலியை வெட்டி உருவாக்கும் நடுக்கம், சற்றே விலகிய கம்பிகள் சேர்ந்து ஒலிக்கும்போது எழும் உண்மையான விம்மலோடு கலந்து காதைக் குழப்பும். (டியூனர் வேர்த்துக் கொட்டிக்கொண்டு விசிறியை நிறுத்தச் சொல்வது இதனால்தான், பாவம், அவருக்கு முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கொடுங்கள்.)

இரண்டு மாதக் குறிப்புகளில் என்ன தெரியும்? மூன்று கம்பிகளும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கினால், அதிலும் அந்த ஏற்ற இறக்கம் நடு ஸ்தாயியின் கீழ்ப்பகுதியில், அதாவது நீண்ட பிரிட்ஜ் தொடங்கும் இடத்தில், மிக அதிகமாகவும் கடைசி உச்சஸ்தாயியில் குறைவாகவும் இருந்தால், காரணம் ஈரப்பதம். மழை பிடித்துக்கொண்டால் சவுண்ட் போர்டு ஊதி பிரிட்ஜை முன்னால் தள்ளும், கம்பி இறுகும், சுருதி ஏறும். வறண்டால் இதற்கு நேர்மாறு. அந்தப் பகுதியில் 10 முதல் 20 சென்ட் வரை ஏறி இறங்குவது அசாதாரணம் அன்று. தாமிரம் சுற்றிய மந்திரஸ்தாயிக் கம்பிகள் அவ்வளவு நகர்வதில்லை என்பதால், இரண்டு பகுதிகளும் சந்திக்கும் எல்லையில் ஸ்தாயிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் போகும். "பியானோவே கெட்டுவிட்டது" என்று நினைக்கவைப்பது பெரும்பாலும் அந்த எல்லைதான்.

மூன்று கம்பிகளில் ஒன்று மட்டும் இறங்கி மற்றவை அசையாமல் இருந்தால், கதை வேறு. ஒரு கம்பி 440, பக்கத்துக் கம்பி 439 என்றால் வினாடிக்கு ஒரு விம்மல் கேட்கும். இப்படி அங்கொன்றும் இங்கொன்றுமாக, வானிலையோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், எப்போதும் கீழ்நோக்கியே விலகும் கம்பிகள் தளர்ந்த பின்னைக் காட்டுகின்றன. மந்திரஸ்தாயியில் வரிசையாகச் சில சுரங்கள் மட்டும் தொடர்ந்து கெட்டால் பிரிட்ஜில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கம்பிகளைத் திசைதிருப்பும் சிறு ஆணிகளை ஒட்டி நூலிழை போன்ற கோடு தெரியும். டியூன் செய்த நான்கைந்து நாட்களுக்குள், பலமாக வாசித்த சுரங்களெல்லாம் தாறுமாறாகச் சிதறி, அதற்குப் பிறகு நிலை மாறாமல் நின்றுவிட்டால், பியானோவில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. டியூனிங் நிலைக்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இந்தக் கடைசி வகையை வீட்டுக்காரர்கள் நினைத்துப் பார்ப்பதே இல்லை. டியூனர் சாவியைத் திருப்பும்போது பின்னின் தலை முதலில் முறுக்கிக்கொள்கிறது. மரத்துக்குள் இருக்கும் அடிப்பகுதி சற்றுத் தாமதமாகவே நகர்கிறது. செயலியில் முள் நடுவுக்கு வந்ததும் சாவியை எடுத்துவிட்டால், அந்த முறுக்கு மெல்லத் தளர்ந்து சுருதியையும் இழுத்துக்கொண்டு போகும். கம்பியிலும் அப்படித்தான்: மேலே அழுத்தும் இரும்புப் பட்டைக்கும் பின்னுக்கும் இடையிலுள்ள சிறுதுண்டு ஓர் இழுவிசையிலும், ஒலிக்கும் நீளம் வேறோர் இழுவிசையிலும் நின்றுவிடலாம், நாலு நாள் சாதகத்தில் இரண்டும் சமமாகும்போது சுருதி நகர்ந்துவிடும். அதனால்தான் தேர்ந்த டியூனர் சுரத்தை ஒரு மயிரிழை மேலே கொண்டுபோய், கீழே இறக்கி, கட்டையை ஓங்கி ஓங்கி அடித்து, மறுபடி காது கொடுக்கிறார். அப்ரைட்டில் சாவியை ஏறத்தாழ நேர்மேலாக, கடிகாரத்தின் 12 மணித் திசையில் பிடிப்பதும் பின் வளையாமல் திரும்புவதற்காகத்தான். பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்டாலே தெரியும்: ஒன்றரை மணி நேரமும் மென்மையான தட்டல் மட்டுமே கேட்டால், அந்த டியூனிங் நெடுநாள் தாங்காது.

இதோடு சேர்த்துக் கணக்கிட வேண்டியது, பல ஆண்டுகள் தொடாமல் கிடந்த பியானோவை ஒரே நாளில் 440க்கு ஏற்றும் வேலை. சுருதியை 20 சென்ட் ஏற்றினால் இழுவிசை 2 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடும். 18 டன்னில் அது ஏறத்தாழ 400 கிலோ. முழு அரைச்சுரம் ஏற்றினால் கூடுதல் சுமை இரண்டு டன்னைத் தாண்டும். அவ்வளவு சுமை புதிதாக ஏறும்போது சவுண்ட் போர்டு அழுந்துகிறது. கடைசிக் கம்பிக்கு வருவதற்குள் முதலில் சேர்த்த கம்பிகள் இறங்கிவிடுகின்றன. எனவே முதல் சுற்றில் வேண்டுமென்றே சற்று மேலே இழுத்துவிட்டு, இரண்டாம் சுற்றில் நுணுக்கமாகச் சேர்த்து, சில வாரங்கள் கழித்து இன்னொரு முறை வந்து பார்ப்பதே முறை. அந்த மறுவருகைக்குப் பணம் தர மனமில்லாமல் "இவருக்கு வேலை தெரியவில்லை" என்று அடுத்த டியூனரைத் தேடுவது நம் ஊரில் நடப்பதுதான். அந்த அடுத்தவர் வரும்போது பியானோ ஏற்கெனவே உயர்த்தப்பட்டுவிட்டதால் அவர் சேர்ப்பது நின்றுவிடும். பெயரும் அவருக்கே போகும்.

ஈரப்பதத்துக்கான வழிகள்

தடயம் ஈரப்பதத்தைக் காட்டினால், அடிக்கடி டியூன் செய்வது ஒரு வழி. ஆண்டுக்கு இரண்டு முறை என்பதை நான்காக்கினால் காதுக்கு நிம்மதி கிடைக்கும்; காரணம் அப்படியே இருக்கும். ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கித் திருப்பப்படும் பின்னும் மரத்தில் தன் பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கும். இரண்டு முறையே போதும் என்பவர்கள் காலத்தையாவது பார்த்துச் செய்யலாம். வடகிழக்குப் பருவமழை கொட்டும் நவம்பரில் சேர்த்த சுருதி, பிப்ரவரியில் கட்டாயம் இறங்கியிருக்கும். மழை ஓய்ந்து மூன்று வாரமாவது கழித்து, ஜனவரி இறுதியில் ஒரு முறை, கோடையின் ஏசி வாழ்க்கை அடங்கிய பிறகு ஒரு முறை என்று வைத்துக்கொள்வது அதே பணத்துக்கு அதிகப் பலன் தரும்.

அடுத்து ஏசி. ஏசி காற்றை உலர்த்தும் என்பது உண்மை. சென்னைக் காற்றில் 75 சதவீதம் இருக்கும் ஈரப்பதம் மூடிய ஏசி அறையில் 50, 55க்கு இறங்கும். ஆனால் நம் வீடுகளில் ஏசி ஓடுவது இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. பகலில் சன்னல் திறந்ததும் ஈரப்பதம் பழைய இடத்துக்கே போய்விடும். நாள்தோறும் 20 சதவீதம் ஏறி இறங்கும் படுக்கையறையைவிட, எப்போதும் 70லேயே கிடக்கும் கூடம் பியானோவுக்கு மேல் என்பேன். மரத்துக்குப் பகை ஈரத்தைவிட அலைச்சல்தான். ஏசியின் குளிர்காற்று நேரே கம்பிகள்மேல் பட்டால் இன்னொரு தொல்லை: இரும்புச் சட்டம் குளிர்வதற்கு முன்பே மெல்லிய கம்பிகள் குளிர்ந்து சுருங்கிச் சுருதி ஏறிவிடும், ஏசியை அணைத்ததும் இறங்கிவிடும். ஆகவே, நாள் முழுதும் ஏசி ஓடும் இசைப்பள்ளிக்கு அது நல்ல தீர்வு; இரவில் மட்டும் ஓடும் வீட்டுக்கு அது தீர்வே அன்று.

அறைக்கான ஈரம் நீக்கும் இயந்திரம் இதற்கு இடைப்பட்டது. சிறிய, மூடிய அறையில் மிக நன்றாக வேலை செய்யும்; கூடமும் சாப்பாட்டு அறையும் சமையலறையும் ஒன்றோடொன்று திறந்துகிடக்கும் அடுக்குமாடி வீட்டில் ஊரின் ஈரத்தையெல்லாம் அதுவே உறிஞ்ச வேண்டியிருக்கும். மழைக்காலத்தில் தொட்டியை நாள்தோறும் கவிழ்க்க வேண்டும்; அறையைச் சற்றுச் சூடாக்கும்; இரைச்சலும் உண்டு. பியானோவுக்கென்றே தனி அறை இருப்பவர்களுக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

அப்ரைட்டுக்கு எனக்கு மிகவும் பிடித்த வழி, கீழ்ப்பலகைக்கு உள்ளே படுக்கைவாட்டில் பொருத்தப்படும் வெப்ப ராடும், அதைத் தேவைக்கேற்ப ஓட்டி நிறுத்தும் ஈரக் கட்டுப்பாட்டுக் கருவியும். இதன் கணக்கு எளியது. 30 டிகிரியில் 75 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை, அதிலிருந்து ஒரு சொட்டு நீரைக்கூட எடுக்காமல், 3 டிகிரி சூடாக்கினாலே ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 63க்கு இறங்கிவிடும். 5 டிகிரி சூடாக்கினால் 57 அளவுக்கு வரும். அப்ரைட் பியானோ இயல்பிலேயே ஒரு பெட்டி என்பதால் இந்தச் சிறு வெப்பம் உள்ளேயே தங்குகிறது. 25 வாட் ராடு இடைவிடாமல் ஓடினாலும் நாளொன்றுக்கு 0.6 யூனிட்தான், ஒரு டன் ஏசி ஒரு மணி நேரத்தில் இழுப்பதைவிடக் குறைவு. அமெரிக்காவின் டாம்ப் சேசர் நிறுவனம் இவ்வகைக் கருவிகளை 1940களிலிருந்து செய்துவருகிறது. ஈரம் கூட்டும் தொட்டியையும் சேர்த்து 42 சதவீதத்தில் நிறுத்துவதற்கான முழு அமைப்பாகவும் விற்கிறது. நம் கடற்கரை ஊர்களில், பகலிரவாக ஏசி ஓடும் அறையைத் தவிர, அந்தத் தொட்டிக்கு வேலை இல்லை. ராடும் கட்டுப்பாட்டுக் கருவியும் போதும். 42 என்ற எண்ணையும் துரத்த வேண்டியதில்லை. ஆண்டு முழுதும் 55க்கும் 62க்கும் இடையில் நிற்கவைத்தாலே நடு ஸ்தாயியின் ஆட்டம் பெரிதும் அடங்கும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அப்ரைட்டின் முதுகு திறந்தது. சவுண்ட் போர்டின் பின்பக்கம் சுவரைப் பார்த்து நிற்கிறது. முன்பக்கம் ராடு உலர்த்த, பின்பக்கம் மழையில் ஊறிய வெளிச்சுவரின் ஈரத்தை வாங்கிக்கொண்டிருந்தால் பாதி வேலைதான் நடக்கும். பியானோவை உட்சுவருக்கு மாற்றி, நான்கு விரல்கடை இடைவெளி விட்டு, முதுகில் நெருக்கமான நெசவுள்ள பருத்தித் துணியை இழுத்துக்கட்டினால், ராடின் பலன் இரு பக்கமும் சேரும். இதற்கு ஆகும் செலவு துணிக்கடைச் செலவுதான்.

பழைய வழக்கப்படி உள்ளே ஒரு குண்டு பல்பை எரியவிடுவதும் இதே தத்துவம்தான். ஆனால் நிறுத்தும் கருவி இல்லாததால் ஏப்ரல், மே மாதங்களில் அது மரத்தை வெடிக்கும் அளவுக்கு உலர்த்தலாம். பல்பு ஒரே இடத்தில் சூட்டைக் குவிக்கவும் செய்யும். குண்டு பல்பு கிடைக்கவில்லையென்று எல்ஈடி பல்பைப் போட்டுவைத்திருக்கும் வீடுகளும் உண்டு. அது கரப்பான்பூச்சிக்கு வெளிச்சம் காட்டுவதைத் தவிர வேறெதுவும் செய்யாது. சிலிக்கா ஜெல் பைகளைப் பற்றியும் அதிகம் சொல்ல வேண்டியதில்லை: 200 கிலோவுக்கு மேற்பட்ட மரமும் இரும்புமான கருவிக்குக் கைப்பிடியளவு உறிஞ்சி எந்த மூலைக்கு!

தளர்ந்த பின்களுக்கான வழிகள்

பின் பிடிப்பைத் தொழில்நுட்பர்கள் முறுக்குவிசை மானியால் அளப்பார்கள். புதிய பியானோவில் பொதுவாக 100 அங்குல-பவுண்டுக்கு மேல் இருக்கும்; 50க்குக் கீழே போனால் கவலைப்படத் தொடங்கலாம். மானி இல்லாவிட்டாலும் பழகிய கைக்குத் தெரியும். நல்ல பின் சிறு சிறு அடிகளாக, தயங்கித் தயங்கி நகரும்; தளர்ந்த பின் வழுக்கிக்கொண்டு திரும்பும், சாவியை விட்டதும் தானாகவே வந்த வழியே ஊரும்.

வரிசை முக்கியம் என்று தொடக்கத்தில் சொன்னதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. மழைக்காலத்தில் பின் பிளாக்கின் மரமும் ஊதிப் பின்னை இறுக்கிப் பிடிக்கிறது. ஈரமான வீட்டில் பல ஆண்டுகள் கிடந்த பியானோவில் பின்கள் ‘நன்றாக’ இருப்பதுபோலத் தோன்றும். ராடு போட்டு உலர்த்திய மூன்றாம் நான்காம் மாதத்தில் அவற்றுள் சில தளரத் தொடங்கும். ஆகவே பின் வேலையை முதலில் செய்துவிட்டுப் பிறகு ராடு போட்டால், அன்றைக்குத் தப்பிய பின்களுக்காக மறுபடியும் ஆள் கூப்பிட வேண்டும். முதலில் ஈரத்தை நிலைப்படுத்தி, ஒரு பருவம் கடந்த பிறகு எந்தெந்தப் பின்கள் நிற்கவில்லை என்று சாக்பீஸால் குறித்துக்கொண்டு வேலையைத் தொடங்கினால் ஒரே செலவில் முடியும்.

தளர்ந்தவை ஐந்தாறு மட்டும் என்றால் அவற்றைச் சுத்தியலால் சற்று உள்ளே இறக்கலாம். கம்பிச்சுருளுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் இடையே இடம் இருந்தால்தான் இது நடக்கும். நிறைய இருந்தால் போட்டி இரண்டு முறைகளுக்கு இடையில்: அடர்த்தி மிகக் குறைந்த சயனோஅக்ரிலேட் பசையை விடுவது, அல்லது பின்னைக் கழற்றி ஓர் அளவு பெரிய பின்னைப் போடுவது.

பசை என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. நாம் செருப்பு ஒட்டும் பெவிக்விக்கின் இனம்தானே என்று. ஆனால் இது பின்னை மரத்தோடு ஒட்டவைக்கும் வேலை அன்று. தண்ணீர்போல் ஓடும் பசை, பின்னைச் சுற்றியுள்ள நுண்ணிய வெடிப்புகளுக்குள் இறங்கி, தேய்ந்த மரத்தைக் கெட்டியாக்குகிறது; அதன் பிறகும் பின் சாவிக்குத் திரும்பும், முன்பைவிட இறுக்கமாக. கம்பிகளைக் கழற்ற வேண்டியதில்லை என்பதுதான் இதன் பெரிய நன்மை; கழற்றாத கம்பி புதிதாக நீள்வதும் இல்லை; பசை நன்றாக உலர்ந்ததும் டியூன் செய்துவிடலாம். பின்னாளில் பெரிய பின் போட வேண்டியிருந்தாலும் வழி அடைபடுவதில்லை. குறைகள் செய்முறையில்தான். பசை புவியீர்ப்பில் உள்ளே இறங்க வேண்டுமென்றால் அப்ரைட்டை மல்லாக்கப் படுக்கவைப்பது நல்லது. 230 கிலோ எடையுள்ள பொருளைப் படுக்கவைக்க அதற்கான சாய்வுவண்டியும் ஆட்களும் வேண்டும். நிற்கவைத்தே சொட்டுச் சொட்டாகப் பல சுற்றுகள் விடுவதும் உண்டு. அப்போது ஆக்‌ஷனை (கட்டையின் அசைவைச் சுத்தியலுக்குக் கொண்டுசெல்லும் பொறியமைப்பை) முழுவதும் வெளியே எடுத்து, கீழே துணி விரித்துத்தான் தொடங்க வேண்டும். ஒரு சொட்டு, கம்பியின் ஒலியை அடக்கும் டேம்பரின் ஃபெல்ட்டில் விழுந்தால் அந்த ஃபெல்ட் கல்லாகிவிடும். புகை கண்ணையும் மூக்கையும் எரிக்கும்; குழந்தைகளை அன்று பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடலாம். இதை வீட்டிலேயே நாமே செய்துபார்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பெரிய பின் போடுவது மரபான முறை. ஒழுங்காகச் செய்தால் நெடுநாள் நிற்கும். அடுத்த அளவு பின் பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவே பெரியது என்றாலும், அது துளையைப் புதிதாக நிரப்புகிறது. ஆனால் ஒவ்வொரு பின்னுக்கும் கம்பிச்சுருளைக் கழற்றி மறுபடி சுற்ற வேண்டும். துருப்பிடித்த கம்பி அந்த வளைவிலேயே முறியலாம். மாற்றிய கம்பிகள் ஓராண்டுக்காவது நீண்டுகொண்டே இருக்கும். வேலையும் நாட்கணக்கில் ஓடும். கம்பிகளையே மாற்றப்போகிறோம் என்றால் பெரிய பின்தான் சரி. கம்பிகள் நன்றாக இருக்கும்போது பின்களுக்காக மட்டும் அதைச் செய்வது விரயம். யமஹா யு1, யு3 போன்ற, இரண்டாங்கையாக ஜப்பானிலிருந்து வரும் பியானோக்களுக்கு, கம்பிகளில் துரு இல்லாத வரையில், பசைதான் என் தேர்வு.

ஒரு விதிவிலக்கு. பின் பிளாக்கே அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தாலோ, மேல்மூடியைத் திறந்து பின்னால் எட்டிப்பார்க்கும்போது பிளாக்குக்கும் முதுகுத் தூண்களுக்கும் இடையே கத்தி நுழையும் அளவுக்குப் பிளவு தெரிந்தாலோ, பசையும் உதவாது, பெரிய பின்னும் உதவாது. இழுவிசையைத் தளர்த்தி, எப்பாக்சி செலுத்தி, போல்ட் போட்டு இறுக்க வேண்டும். இரும்புச் சட்டத்தில் விரிசல் என்றால் அத்துடன் முடிந்தது.

விட்டுவிடுவதும் மாற்றுவதும்

பெசன்ட் நகர்போலக் கடலுக்கு அருகில் பல ஆண்டுகள் நின்ற பியானோக்களில் கம்பி முழுவதும் செம்மண் நிறமாகியிருக்கும். துரு கம்பியைப் பலவீனமாக்குவதோடு, அழுத்துபட்டையில் அதை வழுக்கவிடாமல் பிடித்துக்கொள்வதால் டியூனிங்கும் நிற்காது. இங்கேதான் கம்பி மாற்றுவது என்ற பெருஞ்செலவு நியாயமாகிறது. கருவியின் சந்தை விலையில் பாதியை அந்தச் செலவு தாண்டினால் நான் வேண்டாம் என்பேன்.

சென்னையில் பியானோ வணிகம் இன்று நேற்று வந்ததன்று. அண்ணா சாலையின் மியூசி மியூசிக்கல், மிஸ்க்வித் என்ற பெயரில் 1842இல் தொடங்கிய கடை. அந்தக் காலம்தொட்டு வந்திறங்கிய பழைய ஆங்கிலேய அப்ரைட்டுகள் இன்றும் சில வீடுகளில் நிற்கின்றன. அவற்றில் பலவற்றில் இரும்புச் சட்டம் முழுமையானதன்று. டேம்பர்கள் சுத்தியல்களுக்கு மேலே கூண்டுபோல் கம்பிகளை மறைத்துக்கொண்டிருப்பதால் டியூனரின் ஆப்பு நுழையவே இடமிருக்காது. இவற்றை 440க்கு ஏற்றுவதற்காகப் பணம் செலவிடுவது ஆபத்தும்கூட. அரைச்சுரம் கீழேயே நிறுத்தி, தனக்குள் ஒத்திசையும்படி சேர்த்து, தாத்தாவின் பியானோ என்று வாசிக்கலாம். தேர்வுக்குத் தயாராகும் பிள்ளை, வயலினோடும் பதிவுகளோடும் சேர்ந்து வாசிக்க வேண்டியவர், இதில் பயிலக் கூடாது. காது கீழ்ச்சுருதிக்குப் பழகிவிடும். அந்தப் பிள்ளைக்கு, முழு எடைக் கட்டைகள் கொண்ட டிஜிட்டல் பியானோவே மேல். டியூனர் எளிதில் கிடைக்காத சிற்றூர்களுக்கும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை வீடு மாற்றுபவர்களுக்கும் நான் தயங்காமல் சொல்வது அதைத்தான்.

பழையதை விட்டு இன்னொரு அப்ரைட்டை இரண்டாங்கையாக வாங்க முடிவு செய்பவர்கள், மழைக்காலத்தில் வாங்குவதைத் தவிர்ப்பது நல்லது. மேலே சொன்னபடி, அப்போது எல்லாப் பின்களும் இறுக்கமாகவே இருக்கும். தவிர்க்க முடியாவிட்டால், அது இதுவரை எந்த அறையில் நின்றது, ஏசி ஓடியதா என்று விற்பவரிடம் கேட்டு, உங்கள் டியூனரையே அழைத்துப்போய் நடு ஸ்தாயியிலும் மந்திரஸ்தாயியிலும் பத்துப் பின்களையாவது திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். முன்பணம் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, டியூன் செய்து, ஒரு மாதம் அளந்து பார்த்த பிறகு மீதியைத் தருவதாகப் பேசிக்கொண்டால் ஒப்புக்கொள்ளும் விற்பனையாளர்களும் இருக்கிறார்கள்; அந்த ஒரு மாதக் கணக்கை எழுதிவைத்த நோட்டோடு போய் மீதி விலையைப் பேசுவது எளிது.